என் வாயிலில் தொங்கிய பட்டா புத்தகம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் காலனியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அண்ணனூர் ரயில் நிலையத்திலிருந்து காலனிக்கு வருவதற்குக் குறுக்குப் பாதை ஒன்றுதான். ஒருபுறம் ரயில்வே மதில். மறுபுறம் சீமைக் கருவேலம் மண்டிய காலி மனைகள். பாதையோரம் நான்கு விளக்குக் கம்பங்கள் நின்றன. நான்கும் ஒருசேர எரிந்து நான் கண்டதில்லை. ஓர் அலுவலகத்துக்கு எழுதினால் மற்றோர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்வார்கள். அங்கே கேட்டால் முதல் அலுவலகத்துக்கே அனுப்புவார்கள்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மழைக்காலத்தில் அப்பாதையில் இரு பெண்களின் சங்கிலி பறிபோயிற்று. குடியிருப்போர் சங்கத் தலைவன் என்ற முறையில் நான் மனு எழுதினேன். மனுவின் பின்னே பலமுறை நடந்தும் வந்தேன். அடுத்த ஆண்டு மழை தொடங்கும் முன்பாகக் காவல் நிலையத்தார் ஒரு பட்டா புத்தகம் தந்தார்கள். நிலத்துக்குரிய பட்டா அன்று. ரோந்து வரும் காவலர் தாம் வந்த நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடும் நோட்டு அது.

அதை எங்கே தொங்கவிடுவது என்பதற்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. காவலர் நாள்தோறும் வந்து நிற்கும் வீடு என்பது ஒரு மரியாதை அல்லவா? ஒவ்வொருவருக்கும் தம் வாயிலே தகுந்த இடமாகத் தோன்றியது. முடிவில் தலைவர் வீடு என்று தீர்ந்தது. நான் மறுக்கவில்லை. பெரிய சாலையில், விளக்கு வெளிச்சத்தில் இருப்பதால் என் வீடே பொருத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நனையாதிருக்கத் தகரப் பெட்டி ஒன்றும் செய்வித்தேன்.

காவலர் நடுவயதினர். ரயில் வரும் வேளையாகிய ஆறரைக்குச் சைக்கிளில் வருவார். அது நான் பதிகம் ஓதும் வேளை. கையெழுத்திட்டு, ஓதி முடிக்கும்வரை காத்திருந்து, திருநீறு வாங்கிப் பூசிக்கொள்வார். பிறகு காபி. "உங்க ஊட்டுக்கு வந்தா கோயிலுக்கு வந்தா மாரி கீது, சாமி" என்பார். அறுபது கடந்தவன் ஒருவன் இச்சொல்லில் மயங்கினான் என்று எழுத இன்றைக்கும் கூசுகிறது.

சரசுவதி பூசை வந்தது. ஓதும் நூல்களை எல்லாம் அடுக்கிய பிறகு, பட்டா புத்தகமும் புத்தகந்தானே என்று எடுத்து மேலே வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டவன் நானேதான். பூசையில் ஏறிய நூலை மறுநாள் புனர்பூசை முடியும்வரை பிரிப்பதும் எழுதுவதும் எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆறரைக்கு வந்த காவலரிடம் இதை மிகுந்த கம்பீரத்தோடு எடுத்துரைத்தேன். அவர் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஆத்தாவே காவலுக்கு ஒக்காந்துகினு கீது. அப்பால நாம எதுக்கு?" என்று சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதே அரைமணி நேரத்தில்தான், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த பெண், ஆயுத பூசை முடித்துப் பொரிப் பொட்டலத்தோடு அப்பாதையில் வந்திருக்கிறாள். எங்கள் காலனியின் கடைசி வரிசைக் கிறித்தவக் குடும்பம். தந்தை இல்லை, அவள் உழைப்பில்தான் தாயும் அவளும் உண்டார்கள். புதரிலிருந்து பாய்ந்தவன் சிலுவையோடு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்துவிட்டது.

செய்தி கேட்டு மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஆவடியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்திருந்தார். வேலையை விட்டுவிட வேண்டும், திங்கட்கிழமை பட்டறையில் சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். தாய் அழுதுகொண்டிருந்தார். பூசையின் பெயரால் அன்று கையெழுத்தை நிறுத்தியவன் நானே, பிழை என்னுடையது என்று சொன்னேன். சொன்னதும் மனம் சற்று இலேசானது. அதையும் அவள் நீடிக்க விடவில்லை.

"பூசைக்கு லீவு உட்டது ஒரு நாளு, ஐயா. மத்த நாள்ல மட்டும் அந்த வழியில யாரு வந்தாங்க? புஸ்தகம் உங்க ஊட்டாண்ட தொங்குது. நான் நடக்குறது இங்க."

அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வழியில ஆளு நின்னா போவட்டும். இல்லாங்காட்டி ஊட்டோட கெடக்கட்டும்."

வீடு திரும்பிப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கையெழுத்தும் பொய்யில்லை. அவர் நாள் தவறாமல் வந்திருக்கிறார், என் வாயில்வரை. அதற்கு அப்பால் ஓரடி வைக்க வேண்டிய தேவையை நாங்கள் அவருக்கு ஏற்படுத்தவே இல்லை.

சங்கத்தைக் கூட்டிப் பாதையின் நடுவே உள்ள பம்ப் அறைக்குப் புத்தகத்தை மாற்றலாம் என்றேன். முள்ளுக்கு நடுவே வைப்பது காவல்துறைக்கு இழுக்கு என்றார் ஒருவர். இன்னொருவர், மாற்றுவதே முடிவானால் தம் வாயிலைக் கருதலாமே என்றார். ஒரு பெண்ணின் பிழைப்பு திங்கட்கிழமையோடு முடியப்போகிறது. இவர்கள் வாயில்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குரல் தடித்துவிட்டது. அன்றோடு தலைமையும் வேண்டாம் என்று எழுந்து நேரே காவல் நிலையம் போனேன். ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார். ஆளில்லாத இடத்தில் புத்தகம் தொங்கக் கூடாது, பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும் என்றார். என் கையிலேயே இருக்கட்டும், ஆளோடு அங்கே இருக்கும் என்றேன். எழுதிக் கொடுத்தார். அதை அவள் அண்ணனிடம் காட்டியபோது, ஓரிரு நாள் தானே கூட வந்து பார்த்த பிறகு வேலையைப் பற்றி முடிவு சொல்வதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை மாலை குடை, டார்ச், பிளாஸ்டிக் உறையில் புத்தகம் ஆகியவற்றோடு பம்ப் அறைப் படியில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டு வாயிலில் புத்தகத்தைத் தேடிய காவலர், என் மனைவி சொல்லக் கேட்டுச் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னா சாமி இது? கொசு பிச்சிப் புடுங்குது. ஒரு காபி கூட கெடையாதா?"

"இனி இங்கேதான். ரயில் வந்து ஆட்கள் எல்லாம் போன பிறகே கையெழுத்து."

முணுமுணுத்துக்கொண்டே நின்றார். நான் வழக்கம்போல் ஓதத் தொடங்கினேன். அஞ்சேல் என்று கை உயர்த்தும் இறைவனைப் பூசையறையில் எத்தனை மாலை பாடியிருப்பேன்! அங்கே கொசுவுக்கும் சேற்று நாற்றத்துக்கும் நடுவே இரண்டு இடங்களில் அடி மறந்துபோயிற்று. காவலர் ஒன்றும் கேளாததுபோல் டார்ச்சைப் புதர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தார்.

ரயில் வந்தது. அவள் தன் அண்ணனோடு நடந்து வந்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார், புதரைப் பார்த்தார், தங்கையை முன்னே விட்டு நடந்தார். செவ்வாயன்றும் கூடவே வந்தார். அன்று அடைமழை. காவலர் கால்மணி நேரம் தாமதமாக வந்ததால் அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது. காவலரை நான் திட்டிய திட்டு, நாள்தோறும் பதிகம் ஓதும் வாய்க்குத் தகாது.

புதன்கிழமை ரயிலுக்கு முன்பே காவலர் வந்து நின்றார். அவள் மட்டும் வந்தாள், கையில் டிபன் டப்பா குலுங்க. கழுத்தில் மருந்துத் துணி இருந்தது. எங்களைக் கடக்கும்போது நடையை விரைவுபடுத்தவில்லை.