அண்ணன் என்னிடம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு

ஆரோக்கியராஜ் அண்ணன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை. ஏறப் போன குன்றிலேயே.

திண்டிவனத்தில் நாங்கள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். இந்த குரூப்பில் இருக்கும் உங்களில் பாதிப் பேருக்குக் கையோ காலோ படம் எடுத்திருப்பார். நான் அங்கே ரிசப்ஷன்.

நேற்று அவர் சொந்த ஊர் முகையூரில் அடக்கம் முடிந்தது. இதை அழுதுகொண்டு டைப் பண்ணவில்லை... பயந்துகொண்டு பண்ணுகிறேன்.

வாரம் ஆறு நாளும் அவருக்கு ஏசி போட்ட இருட்டு அறை. ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு செஞ்சிப் பக்கம் கிளம்பிவிடுவார். ஏதாவது ஒரு பாறைக் குன்று. படி கிடையாது, பாதை கிடையாது.

கையில் ஒரு தண்ணீர் பாட்டில், வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஒரு பொட்டலம், அவ்வளவுதான். போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

எதற்கு அண்ணா இந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"நாள் பூரா அடுத்தவங்க எலும்பையே பாத்துக்கினு இருக்கேன் சுமதி. அங்க ஏறி மூச்சு வாங்கும்போதுதான் எனக்கும் ஒரு உடம்பு இருக்குதுன்னு தெரியுது."

போன வருடம் ஸ்டாஃப் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நான்... எந்தத் தைரியத்தில் போனேனோ தெரியவில்லை.

பாதிப் பாறையில் அப்படியே நின்றுவிட்டேன். மேலே போகவும் முடியவில்லை, கீழே பார்க்கவும் முடியவில்லை.

"பயமா இருந்தா உக்காரு. நின்னுக்கினு பயப்படாத" என்றார்.

உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். சுடிதார் கிழிந்து, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை சென்டர் முழுக்க அதே பேச்சு.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலை கிளம்பும்போது எங்கள் சென்டர் எக்ஸ்ரே சீட்டு ஒன்றை எடுத்து எழுதி என்னிடம் தருவார். பேஷன்ட் பெயர்: ஆரோக்கியராஜ். எந்த இடத்தில் எக்ஸ்ரே என்ற கட்டத்தில், குன்று இருக்கும் ஊரும் எந்தப் பக்கம் ஏறப் போகிறார் என்பதும். ரிப்போர்ட் நேரம்: மாலை 6.

ஆறு மணிக்குள் இறங்கி, ரோட்டோர டீக்கடையில் யாரிடமாவது போன் வாங்கி என்னிடம் பேசுவார். பேசவில்லை என்றால் நான் ஆள் அனுப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அண்ணிக்கு அவர் மலைக்குப் போகிறார் என்று தெரியும். எந்த மலை என்று தெரியாது. ஒருமுறை சொன்னதற்குத் தன் தம்பியைப் பின்னாலேயே அனுப்பிவிட்டார்களாம். அதனால் சீட்டு என்னிடம் மட்டும்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆறு தாண்டியும் போன் இல்லை. ஆறு ஐந்துக்கே ஊரைக் கூட்டிவிட்டேன். லேப் பழனியும் மூன்று பேரும் டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தால்... இவர் ஆடு மேய்ப்பவர்களோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு மாதம் சென்டரில் என் பெயரே 'ஆறு அஞ்சு'.

அண்ணனும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வாட்டி ஒரு மணி நேரம் சேத்துக் குடும்மா. பசங்கள பேஜாரு பண்ணாத."

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா... அன்றைக்கே கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகும் சீட்டில் ஆறு மணி என்றுதான் எழுதினார்.

இந்த ஞாயிறு ஆறு மணி ஆனது. போன் வரவில்லை.

ஆறேகால். பழனி நம்பரை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். திரும்பவும் எல்லாரும் சிரிப்பார்களே என்று இருந்தது. பிள்ளைக்குத் தோசை ஊற்றினேன். ஒன்று கருகிப்போனது.

ஏழு மணிக்குத்தான் பழனிக்குப் போன் போட்டேன்.

உச்சியில் இருந்து விழவில்லையாம். எல்லாம் இறங்கி முடித்து, அடிவாரத்தில், ஓர் ஆள் உயரம்கூட இல்லாத பாறைக்குக் கீழே கிடந்திருக்கிறார். தலையில் அடி.

பழனி என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னான். "தூக்கும்போது கை சூடாத்தான் இருந்துச்சிக்கா."

பகலெல்லாம் வெயில் காய்ந்த பாறை, சூடாகத்தான் இருக்கும், அதன் மேல் கிடந்த கையும் சூடாகத்தான் இருக்கும்... மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும் என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ டயத்துக்கு சொல்லலன்னா விடியற வரைக்கும் அங்கியே கெடந்திருப்பாரும்மா. நீ நல்லா இருக்கணும்."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அண்ணி, உங்கள் பெண் இதைப் பார்த்து உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் எழுதிக் கொடுத்தது ஆறு மணி. நான் சொன்னது ஏழு மணி.

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குக் காலையில் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். கதவைத் திறப்பீர்களா என்று தெரியவில்லை... ஆனாலும் வருகிறேன்.

அண்ணா... போய்ட்டு வாங்க.