மஞ்சள் விளக்கில் அரக்கு

தம்பி சிவபாலன் புதிதாக மாற்றியமைத்த கூடத்துக்குள் கமலாட்சி முதல்முறை நுழைந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு, கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பகல் பதினோரு மணி. சன்னல்களில் மூன்று அடுக்குத் திரை. உத்தரத்தில் வரிசையாகப் பதித்த குட்டி விளக்குகள், தேன் ஊற்றியதுபோல் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தன. சோபாவில் பதினொரு குஷன்கள். எண்ணித்தான் பார்த்தாள். உட்கார வேண்டுமென்றால் நான்கையாவது வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். சுவரில் மர எழுத்துகள். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தைக் கொண்டு கூட்டிப் படித்தாள்: ஹோம். வருகிறவர்களுக்கு இது வீடு என்று தெரியாமல் போய்விடுமாம்!

"கதகதப்பா இருக்கணும்னு பண்ணது அண்ணி," என்றாள் தம்பி மனைவி அனு.

"ஏன்டா பாலா, வெளிய நாப்பது டிகிரி கொளுத்துது. உள்ள கதகதப்பு. அத்த ஆத்துறதுக்கு ஏசி. ஏசி குளுருக்குப் போத்திக்க சோபா மேல கம்பளி. பேசாம தெருவுலயே குந்திக்கினு இருந்திருக்கலாமே?"

"கதகதப்புன்னா சூடு இல்ல அண்ணி. உள்ள வந்தவங்களுக்கு எழுந்துபோக மனசு வரக்கூடாது."

"எங்கேர்ந்து வரும்? இந்த சோபாவுல குந்துனா ரெண்டு பேர் கைகுடுத்துத் தூக்கணும்."

அடுத்த தெருவில் இருந்தது கமலாட்சியின் வீடு. இரண்டு அறை, ஒரு டியூப்லைட், நான்கு இரும்பு நாற்காலி. டம்ளர்கள் உயர வாரியாகக் கவிழ்த்திருக்கும். வந்தவர் உட்காருவதற்குள் தண்ணீரும், தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் காப்பியும் வரும். வீட்டுக்கு அதற்குமேல் என்ன கதகதப்பு வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

இங்கே அவளுக்கு வேலை ஒன்றுதான். தம்பி தறி போட்டு வீட்டிலேயே புடவை விற்கிறான். பாவு நூலுக்கும் கரைக்கும் நிறம் சேர்ப்பதும், வாங்க வருகிறவர்களுக்கு நிறம் சொல்வதும் அவள். தம்பிக்கு நிறம் தெரியாது. கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் நடுவில் நின்று விழிப்பான். முப்பத்தொரு வருடத்தில் கமலாட்சி ஒரு நிறத்தையும் மாற்றிச் சொன்னதில்லை. அவள் அரக்கு என்றால் அரக்கு. அந்தப் பேச்சு ஒன்றைத்தான் அவள் தன் சொத்தாக நினைத்திருந்தாள்.

அந்த வாரமே மாகறலிலிருந்து காவேரி என்பவள் வந்தாள். மகனுக்கு நிச்சயித்திருந்த பெண்ணையும் கூட்டிவந்திருந்தாள். முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும்.

"அரக்குதாம்மா வோணும். எங்க ஊட்ல மூணு தலைமுறையா தாலி ஏர்றது அரக்குலதான். வேற நெறம் ஆகாது."

சிவபாலன் ஏழெட்டுப் புடவைகளைக் கண்ணாடி மேசையில் பரப்பினான். பெண் ஒன்றைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். ஆழ்ந்த சிவப்பு, பொன் கரை.

"இது அரக்குதானே? வாசல்ல வச்சு ஒருக்கா பாத்துடலாமா?" என்றாள் காவேரி.

"கதவத் தொறந்தா குளுரெல்லாம் போயிடுமேம்மா," என்றாள் அனு.

சிவபாலன் சிரித்தான். "எங்கக்கா இருக்கும்போது வாசல் எதுக்கு? ஏன்க்கா, இந்த லைட்டுல உனக்குத் தெரியாதா என்ன?"

"எனக்கா? கண்ணக் கட்டிவுட்டாக்கூடச் சொல்லுவேன்." ஒருமுறை விரலால் நீவினாள். "அரக்கு. எடுத்துக்கம்மா."

அவ்வளவுதான். பேரம் முடிந்து புடவை பைக்குள் போனது. அனு வாசனை மெழுகுவத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள்.

வழியனுப்ப வாசல்வரை வந்தாள் கமலாட்சி. காவேரி குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. கைப்பேசியில் படம் எடுக்க, முந்தானையைப் பைக்கு வெளியே ஒரு முழம் இழுத்தாள். அதன்மேல் வெயில் விழுந்தது.

கத்திரிப்பூ. சந்தேகமில்லாத கத்திரிப்பூ நிறம்.

கமலாட்சி பார்த்துவிட்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பேசாமல் நின்றால் முப்பத்தொரு வருடப் பேச்சு இன்று இங்கே உடையாது. மாகறல் மண்டபத்தில், மணவறையில், எல்லார் கண்முன்னும் இந்தப் பெண்ணின் தோளில் உடையும்.

"காவேரிம்மா, நில்லு. அது அரக்கு இல்ல."

"நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து அந்தத் தெரு கேட்டதில்லை. உள்ளேயிருந்து சிவபாலன் ஓடிவந்தான்.

"அக்கா! நீயா தப்பு?"

"ஆமாண்டா, நான்தான். உன் தேன் விளக்குல குந்திக்கினு வீறாப்பு பேசினேன் பாரு, என்னைச் சொல்லணும். நெசவு நெய்யிற ஊட்ல பொறந்துட்டு, பட்டு விக்கிற கூடத்துல வெயில் வராம மூணு துணி தொங்கவுட்டிருக்கிற உன்னையும் சொல்லணும். நம்ம ரெண்டு பேர்ல பெரிய மடையன் யாருன்னு அப்புறம் பாத்துக்கலாம். போய் அத்தனையும் எடுத்துக்கினு வா. ஒரு பாயும் கொண்டா."

"வாசல்லயா? ஜனங்க பாக்குறாங்கக்கா."

"பாக்கட்டும். நமக்குத்தான் உள்ள ஒண்ணும் தெரியல."

வாசற்படிக்குக் கீழே பாய் விரிந்தது. கமலாட்சி ஒவ்வொரு புடவையாக வெயிலில் பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பி, காவேரியின் கையிலேயே கொடுத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீயே பாரு." ஐந்தாவது புடவையில் காவேரி நிமிர்ந்தாள். பெண்ணும் தலையாட்டினாள். அரக்கு.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா," என்றாள் காவேரி. கமலாட்சி புடவையை வெயிலில் இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அனு காப்பியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்துபோக யாருக்கும் மனசு வரவில்லை. உள்ளே, பதினொரு குஷன்களுக்காக ஏசி ஓடிக்கொண்டிருந்தது.