அருவிக்கு மேலே வாழ்ந்த கெண்டை

பிறந்தபோதே இவள் உள்ளங்காலில் யாரோ வெந்நீரைக் கொட்டிவிட்டார்கள் என்று அவளுடைய அம்மா சொல்வாள். உட்கார்ந்து சாப்பிட மாட்டாள்; படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டில் வைத்த பட்டப்பெயர் துறுதுறு. நாற்பதைத் தாண்டி, மகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ அசையாமல் செய்ய வேண்டிய வேலை. நன்னீர் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். ஆற்றில் பிடித்த மீனின் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி ஆல்கஹாலில் போட்டு அனுப்புவார்கள். அதைக் கரைத்து, மரபணுவைப் பிரித்து, சுண்டுவிரல் நுனி அளவுள்ள குப்பிகளில் சொட்டு சொட்டாக விட வேண்டும். கை மட்டும் அங்கே நடுங்காது; மேசைக்கு அடியில் கால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

மழைக்காலத்துக்கு முன்பு அவசர வேலை ஒன்று வந்தது. ஓர் அருவி. அதற்கு மேலே சிற்றோடை, கீழே ஆறு. இரண்டிலும் பார்வைக்கு ஒரே கெண்டை. ஓடையில் மீன் அருகிக்கொண்டே போனதால், ஆற்று மீனின் குஞ்சுகளைப் பண்ணையில் பொரிக்க வைத்து மேலே விடுவதென்று மீன்வளத் துறை முடிவு செய்திருந்தது. இரண்டும் ஒரே வழி வந்தவைதானா என்று நிலையம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவைப் பார்த்த ஆய்வாளர் அம்மாள் நெற்றியைச் சுருக்கினார். மரபணு வரைபடத்தில் ஓடை மீன்கள் தனிக் கூட்டமாக நின்றன. ஆனால் அவற்றில் இரண்டு ஆற்று மீன்களோடும், ஆற்று மீனில் இரண்டு அவற்றோடும் போய்ச் சேர்ந்திருந்தன.

"ரெண்டும் கலந்து பழகுதுன்னா, குஞ்சு விடுறதுல தப்பில்ல. குப்பி எதுவும் இடம் மாறலையே?"

"இல்லைங்க மேடம்."

சொன்ன வாய் மூடுவதற்குள் அந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் குப்பிகளை நிரப்பிக்கொண்டிருந்த அன்றுதான், அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாகப் போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் வந்து மிச்சத்தை முடித்தாள். எது எங்கே போயிற்று என்று சத்தியம் பண்ண அவளால் முடியாது. மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டுத் திரும்பவும் அறைக்குள் போனாள்.

"மேடம், அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மாறியிருந்தாலும் இருக்கும்."

ஆய்வாளர் திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "மிச்சத் துண்டு இருக்கா?"

"எல்லாம் கரைச்சாச்சு."

"வாரக் கடைசியில குஞ்சு விடப் போறாங்க. நம்ம மீன் பிடிக்கிற ஆளுங்க வெளியூர் போயிருக்காங்களே."

"ஓடையில மீன் பிடிக்க அனுமதி மட்டும் வாங்கிக் குடுங்க. நான் போறேன்."

ஸ்கூட்டர் வைத்திருந்தது நாத்தனார். தையல்காரி, வாய் கத்தரியைவிடக் கூர்மை. மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, இருவரும் அருவியின் ஓரமாக மூச்சு வாங்க ஏறினார்கள். ஓடையின் முழங்கால் தண்ணீரில் வலையைப் பிடித்துக்கொண்டு துறுதுறு நின்றாள். அசைந்தால் மீன் ஓடிவிடும்.

"அண்ணி, நீங்க இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நின்னு நான் பார்த்ததில்ல. அண்ணன்கிட்ட சொன்னா என்னைத்தான் பைத்தியம்பாரு."

"பேசாதே. மீன் கலையுது."

பிடித்த மீன்களின் துடுப்பில் கொஞ்சம் நறுக்கிக்கொண்டு தண்ணீரிலேயே விட்டாள். "ஜாக்கெட்டுக்குக் கழுத்து வளைவு வெட்டுற மாதிரி வெட்டுறீங்க. நாளைக்கு என் கடைக்கு வாங்க," என்றாள் நாத்தனார்.

இந்த முறை ஆய்வாளரும் பக்கத்தில் நின்று ஒவ்வொரு குப்பியையும் சரிபார்த்தார். இயந்திரம் தன் வேலையை முடிக்கும்வரை துறுதுறுவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தைக் கழுவினாள், மின்விசிறியைத் துடைத்தாள். "இறக்கை தேஞ்சு காத்து வராமப் போயிடும்," என்றார் வீட்டுக்காரர்.

புதிய முடிவில் ஓடை மீன்கள் அத்தனையும் தனியே நின்றன. ஒன்றுகூட ஆற்று மீனோடு சேரவில்லை. அப்படியானால் முன்பு குப்பிகளை மாற்றியது அவள்தான்.

ஆய்வாளர் திரையைக் காட்டினார். "இது கீழயிருந்து ஏறின மீனே இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்து ஆத்து மீனோட பங்காளி. இந்த ஓடை ஒரு காலத்துல அந்தப் பக்கம் ஓடியிருக்கணும். நிலம் அசைஞ்சு திசை திரும்பியிருக்கு. மனுசங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி."

"நல்ல சேதிதானே மேடம்?"

"பாதி. ஆத்து மீன் ஒரு ஊரு மாதிரி, எல்லா ரகமும் இருக்கு. இது ஒரே குடும்பம் மாதிரி. ஒரு நோய் வந்தா மொத்தமும் போயிடும்."

"அப்ப ஆத்து மீனை விட்டா பலம் வராதா?"

"வரலாம். இந்த மீனே இல்லாமப் போகவும் போகலாம். எனக்கே தெரியல."

அந்தப் பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை. தெரிந்தவர்களே தெரியாது என்றால் யாரைக் கேட்பது?

குஞ்சுகள் கீழே ஆற்றிலேயே விடப்பட்டன. ஓடை மீனில் சிலவற்றை நிலையத்துத் தொட்டியில் வளர்த்துப் பெருக்குவதென்று முடிவானபோது, அந்தப் பொறுப்பை அவள் கேட்டு வாங்கினாள். முதல் வருடம் முட்டை எல்லாம் பூஞ்சை பிடித்து வெளுத்தது. ஒரு தொட்டியில் குப்பை விழுந்தாலும் மூன்று தொட்டியைச் சுற்றி வந்தாள். தண்ணீரின் சூட்டை மாற்றினாள், கூழாங்கல்லை மாற்றினாள்.

அடுத்த வருடம் கண்ணிமை மயிர் போலக் கொஞ்சம் குஞ்சு நீந்திற்று. வீட்டுக்காரர் பார்க்க வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு? வளர்ந்தாலும் பொரிக்கிற எண்ணெய்க்குக் கட்டாதே," என்றார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் அவள். "உங்க நிழல் விழுந்தா மிரளுது."