மல்லாட்டை விளைந்த தரிசு

மங்கையின் இரண்டு ஏக்கர், செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற வழியில் குன்றடியில் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டும். வாய்ப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. நிலமில்லாதவர்களுக்கு அரசு பிரித்துக் கொடுத்தபோது பட்டா அவள் பேரில் வந்தது. கொடுத்தது நிலம் அல்ல, கல். அவளும் புருஷன் கலியபெருமாளும் ஆறு வருடம் கல் பொறுக்கினார்கள். பொறுக்கியதை ஓரமாகப் போட்டுப் போட்டே வரப்பு இடுப்பு உயரம் வந்துவிட்டது. ஏழாம் வருடம் மல்லாட்டை போட்டார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. நன்றாகவே விளைந்தது.

நான் சேசுராஜ். செஞ்சியில் ஓர் அரசு அலுவலக வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவன். முப்பது வருடமாக ஊரார் கஷ்டத்தை ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி ஒரே பக்கத்தில் முடித்துக் கொடுக்கிறேன். மங்கையின் கதையில் நான் யோக்கியன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலியபெருமாள் கல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டான். அதன் பிறகு நிலத்தில், எங்கள் பேச்சில் கொல்லையில், அவள் ஒருத்திதான். காய் பிடிக்கிற நேரமாகப் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். காவலுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் புங்க மரத் திட்டம் வந்தது.

புங்கங்கொட்டை எண்ணெயில் விமானம் ஓட்டலாம், புகை குறையும், பூமிக்கு நல்லது என்று முகாம் போட்டுச் சொன்னார்கள். கன்று இலவசம். காய்க்கும் வரை மானியம். காய்த்த பிறகு கொட்டையை அரசே எடுத்துக்கொள்ளும். பன்றியும் மரத்தை ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு நிபந்தனை: சோறு விளைகிற மண்ணில் எரிபொருள் வளர்க்கக் கூடாதாம். அதனால் மூன்று வருடமாகப் பயிர் வைக்காத தரிசுக்கு மட்டும்தான் கன்று. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். வானத்தில் போகிறவர்களுக்கு மனசு உறுத்தக் கூடாது அல்லவா?

மங்கை என்னிடம் வந்தாள். மடியில் புதுசாகப் பறித்த மல்லாட்டை கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள்.

“போன வாரந்தான் பறிச்சேன். வெளையலன்னு எழுதுனா நல்லாவாண்ணே இருக்குது?” என்று கேட்டாள்.

“எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. அது சும்மா பேப்பரு மங்கை” என்றேன்.

‘மேற்படி நிலத்தில் கடந்த மூன்று ஆண்டுகளாக எந்தப் பயிரும் செய்யவில்லை’ என்று எழுதி, உரக்கப் படித்தும் காட்டினேன். எழுதுகிற நேரமெல்லாம் அவள் கொல்லை மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். போட்டாள்.

கன்றுகளுக்கு இரண்டு கோடை குடத்தில் தண்ணீர் சுமந்தாள். மானியம் இரண்டு வருடம் வந்து நின்றுபோனது. கேட்டதற்கு, இப்போது மக்காச்சோளத்திலிருந்து விமான எரிபொருள் எடுக்கிறவர்களுக்குத்தான் அரசு உதவி என்றார்கள். சோறு விளைகிற மண்ணைத் தொடாதே என்றவர்கள் சோளத்தையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

கன்று வைத்த ஆறாம் வருடம் புங்கை பூத்தது. அதே வருடம் நோட்டீசும் வந்தது. அரசு கொடுத்த நிலத்தைப் பயிர் செய்யாமல் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டாவிலேயே நிபந்தனை இருக்கிறது. மரம் வைப்பதற்கு முன்னால் மூன்று வருடம் சும்மா போட்டதாக அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். புதிய மக்காச்சோள எரிபொருள் ஆலைக்குக் கிடங்கு கட்ட அந்த இடம் தேவைப்பட்டது.

விசாரணை என் மேஜை இருக்கிற அதே அலுவலகத்தில்தான். நானும் கூடப் போனேன். அறை வாசலோடு நின்றுகொண்டேன். அதிகாரி பாரதி சின்ன வயதுப் பெண், கடுமையாகப் பேசுகிறவர் இல்லை.

“மூணு வருஷம் பயிரே வைக்கலன்னு இதுல எழுதியிருக்கே?”

“வச்சேம்மா. வருஷம் தவறாம மல்லாட்டை போட்டேன்.”

“அப்ப இது பொய்யா?”

மங்கை தாளை வாங்கித் தன் கையெழுத்தை மட்டும் தொட்டுக் காட்டினாள்.

பாரதி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “உங்களுக்குப் படிக்கத் தெரியாதில்ல. எழுதுனவரு உங்களுக்குத் தெரியாம எழுதிட்டாரா? அப்படி இருந்தா பேரைச் சொல்லுங்க, கூப்பிட்டு விசாரிக்கிறேன். நிலத்துக்கு ஒரு வழி இருக்கு.”

மங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு எட்டு வைத்தால் அதிகாரியின் மேஜை. சொல்லிக் கொடுத்தவனும் நான், எழுதியவனும் நான் என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் வாசலில் என் மேஜை இருக்காது, வழக்கும் வரும். பயந்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன்.

“நான் சொல்லித்தாம்மா எழுதுனாங்க” என்றாள் மங்கை.

பாரதி பேனாவை எடுத்து, நிலத்தைத் திரும்ப எடுக்கிற உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கே கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். புங்க மரங்களை ஒரே நாளில் இயந்திரம் வைத்துப் பிடுங்கிவிட்டார்கள். மங்கை அடுத்தவர் கொல்லைகளில் மல்லாட்டை பறிக்கக் கூலிக்குப் போகிறாள். நான் அதே வாசலில் மனு எழுதுகிறேன்.

விசாரணை முடிந்து அன்று படியிறங்கும்போது அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள்:

“ஒன் பேரைச் சொல்லியிருந்தா ஒன் பொழப்பு போயிருக்கும்ணே. எனக்குக் கூலி வேலையாவது தெரியும். ஒனக்கு இன்னா தெரியும்?”