மரத்துப்போன காலின் ஞானம்

இரத்தத்தை முதலில் பார்த்தது நானல்ல. பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்.

பதுளையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் அத்வைத வகுப்பு நடக்கும். வருபவர்கள் அனைவரும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள். 'நான் இந்த உடல் அல்ல' என்று ஒன்றரை மணி நேரம் அறிவோம். பிறகு அந்த உடலுக்கு வடையும் தேநீரும் கொடுப்போம்.

அன்று என் வலது பாதத்தில் ஒரு சிறிய ஆணி ஏறியிருந்தது. அதோடுதான் மாடிப்படி ஏறியிருக்கிறேன். வலிக்கவே இல்லை.

"பாருங்க! ஐயாவுக்குத் தேகாபிமானம் கழண்டிருச்சு" என்றார் வகுப்பு நடத்தும் முன்னாள் வங்கி மேலாளர். இரண்டு பேர் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். நரம்புச் சிதைவு (சீனி கூடி நரம்பு கெட்டு, பாதம் உணர்விழப்பது) பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். வெறுங்காலோடு மலையேறியதற்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களைத் திட்டியிருக்கிறேன். எனக்கே பதினாறு ஆண்டுகளாக நீரிழிவு. அப்படிப்பட்டவன் மரத்துப்போன காலை ஞானம் என்று நம்பினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், வாங்க" என்றாள் என் மனைவி சரஸ்வதி.

"உடம்பு நானில்லை."

"அப்ப நேத்து கருவாட்டுக் கொழம்புக்கு மறுசோறு கேட்டது யாருங்க?"

எல்லாம் மாயை என்றேன். ஒன்பதாம் நாள் மாயை நாறியது.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் நைலான் இழையால் என் பாதத்தைப் பத்து இடங்களில் தொட்டார்.

"தெரியுதாங்க ஐயா?"

"இல்லை."

"எத்தன நாளா?"

"ஒரு வருடம் இருக்கும். தியானத்தால் என்று நினைத்தேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நீங்க மருந்தகத்துல வேல செஞ்சவரு, இல்லீங்களா?"

எலும்பழற்சி (கிருமி எலும்புவரை இறங்குவது). இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்புமா என்று இப்போது சொல்ல ஏலாது என்றார்கள்.

விரல்களை எடுத்த மூன்றாம் நாள் வங்கி மேலாளர் தோடம்பழங்களுடன் வார்டுக்கு வந்தார். "விரல் போனது யாருக்குன்னு உள்ள விசாரிங்க" என்றார்.

"எனக்கு."

அவர் சிரித்தார். "எல்லாம் ஒன்னுதான் ஐயா. ரெண்டாவது ஒன்னு கெடையாது."

பக்கத்துக் கட்டிலில் பூனாகலைத் தோட்டத்துக்காரர் ஒருவர். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "அப்ப ஒங்க காலு ஒன்ன இங்க குடுங்களேன் சாமி" என்றார். "எல்லாம் ஒன்னுதானே."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

உங்களுக்கும் சீனி இருந்து, கால் சும்மா இருக்கிறதே என்று மகிழ்ந்தால், தயவுசெய்து குனிந்து பாருங்கள். அது சும்மா இருக்கவில்லை.

பாதம் இன்னும் என்னிடம் இருக்கிறது, கட்டு மாற்றும் நாளிலிருந்து அடுத்த கட்டு மாற்றும் நாள்வரை. அதற்கப்பால் நான் நாள் எண்ணுவதில்லை. மாலையில் இல்லாத விரல்கள் அரிக்கின்றன; இருக்கும் பாதம் ஒன்றுமே சொல்வதில்லை.

காலையில் சரஸ்வதி என் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலைப் பார்த்து, "இன்னிக்கு செவப்பு இல்லங்க" என்கிறாள். அவள் சொன்ன பிறகுதான் என் கால் எப்படியிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

இதையும் அத்வைதம் என்று யாராவது சொல்ல வந்தால், ஊன்றுகோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.