குழாயடியில் பெயர் கூப்பிட்ட நாள்

சுதந்திரம் வந்து சில வருஷங்களில், பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு இலவசம் என்று சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்துக்கும் செய்தி வந்தது. தமிழ்ப் பள்ளியில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் சர்க்கார் எந்த நேரத்தில் படிப்பைக் கொடுத்ததோ, அதே நேரத்தில்தான் தெருக்குழாயில் தண்ணீரையும் கொடுத்தது. அம்மாவோ காலையிலேயே பங்களா வேலைக்குப் போய்விடுவாள். அதனால் அண்ணன் பள்ளிக்குப் போனான், நான் குழாயடிக்குப் போனேன்.

எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. வரிசையில் குடத்தை வைத்து இடம் பிடித்துவிட்டால், தண்ணீர் வரும்வரை பாண்டி ஆடலாம். கூட்டல் கழித்தலைவிட அது எவ்வளவோ மேல்.

இதில் மண்ணைப் போட வந்தது மாதர் சங்கம். அப்பாவின் அக்காவான என் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து நடத்தியது அது. விடிகாலையில் தண்ணீர் விடச் சொல்லி அதிகாரியிடம் நடையாய் நடந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதது பெற்றவர்கள் குற்றம், தண்ணீர் என்ன செய்யும் என்று அவர் கேட்டாராம்.

அப்படியானால் பள்ளிக்கூடத்தை வந்து பாருங்கள் என்று அத்தை அவரைக் கன்னடத்தில் மரியாதையாக அழைத்தாள். அழைத்தவள் நேரே குழாயடிக்குக் கூட்டிவந்தாள். கூடவே எங்கள் டீச்சர். பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றிருந்த நான் மறுகாலையும் ஊன்றிவிட்டேன். டீச்சர் அடிக்கவில்லை. வகுப்பில் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"உள்ளேன் டீச்சர்" என்றேன் பலமாக. பள்ளிக்குப் போன கொஞ்ச நாளில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வரிசை நெடுக அதே பதில் வந்தது. பள்ளிக்கூடமே குழாயடிக்கு வந்துவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம்.

அதிகாரி என்னிடம் குனிந்து, கன்னடமும் தமிழும் கலந்து, "யாக்கம்மா, ஏம்மா ஸ்கூலுக்குப் போகல்ல?" என்றார்.

"நீங்கதான சார் இப்போ தண்ணி வுடுறீங்க. நான் போயிட்டா யாரு புடிக்கிறது?"

சில நாட்களில் விடிகாலையிலேயே தண்ணீர் வந்தது. அம்மா பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

என் பாண்டி ஆட்டம் போயே போய்விட்டது. ஆத்திரத்தில் அத்தையோடு பேச்சை நிறுத்தினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. காலையில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, தலை பின்னி, "போம்மா, டீச்சர் பேர் கூப்புட்ற நேரமாச்சி" என்று வாசல்வரை வந்து அனுப்புவாள். நான் தலையைக் கொடுப்பேன், பதிலைக் கொடுக்க மாட்டேன்.

பிறகு நானே டீச்சரானேன். எத்தனையோ வருஷம் எத்தனையோ பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிட்டேன். அந்த வாழ்வு அத்தையும் அவள் சங்கமும் எனக்குக் கொடுத்தது. நன்றி என்ற சொல் அதற்குப் போதாது. ஆனால் பதில் பேசாமல் அவள் முன் உட்கார்ந்திருந்த அந்தக் காலைகளில், அத்தையின் பெயரை எந்தப் பள்ளியிலும் யாரும் கூப்பிட்டதே இல்லை என்பது எனக்குத் தெரியாது.