முடிச்சோடு வந்த சேலைகள்

என் வீட்டுக்காரருக்குச் சுருக்கம் என்றாலே ஆகாது. தலையணை உறையில் ஒரு கசங்கல் இருந்தால்கூடத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற பிறகு, சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டில் இஸ்திரிப் பெட்டிதான் அவருக்குக் கூட்டாளி. இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் சேலை வியாபாரம் செய்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு முன்பு லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கடை போடுவேன். கைத்தறியும் கைவேலையும் மட்டும்தான், அதுவும் செய்கிறவர்களிடமே நேரடியாக வாங்கியது. போன தீபாவளிக்கு, மதுரையில் சுங்குடிக்கு முடிச்சுப் போடும் ஒரு பெண்ணிடம் மூன்று சேலை சொல்லியிருந்தேன். வெள்ளைத் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதே புள்ளியை இப்போது அச்சில் அடித்தும் விற்கிறார்கள். அதனால் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பச் சொன்னேன். வாங்குகிறவர் கண்ணெதிரே சேலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால், நூல் படபடவென்று தெறித்து விழும். கைவேலைக்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்போது போனில் அவள் ஒன்று கேட்டாள்.

"நான் கட்டுன துணி வெள்ளையாவே சாயப் பட்டறைக்குப் போயிரும்க்கா. அங்கிட்டு இருந்து நேரா கடைக்குப் போயிரும். இத்தன வருசத்துல நான் கட்டுனத அவுக்குறத ஒருக்காகூடப் பாத்ததில்ல. என்ன கலரு முக்குனாங்கன்னும் தெரியாது. நீங்க அவுக்கும்போது வீடியோல காட்டுவீகளா?"

"கட்டாயம் காட்டுறேன்மா. கடை போடுற முதல் நாள், சனிக்கிழமை காலையில" என்று வாக்குக் கொடுத்தேன்.

சாயப் பட்டறையிலிருந்து நேராகப் பார்சல் வந்தபோது நான் வீட்டில் இல்லை. மகளுக்குப் பிரசவமாகி, பூன் லேயில் அவள் வீட்டில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தேன். அவர் சேலைப் பையோடு தோ பாயோவிலிருந்து வந்து சேர்ந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை. பையைத் திறந்தேன். இரண்டு சேலைகள், தேய்த்து மடித்து, பார்க்க லட்சணமாக இருந்தன. ஒரு முடிச்சு இல்லை.

"என்னங்க இது?"

"நூலெல்லாம் சிக்கிக்கிட்டு ஒரே கசங்கலா வந்துச்சு. இதை எப்படி விப்பேன்னு, டெய்லி சாயங்காலம் டிவி பார்த்துக்கிட்டே ஒவ்வொண்ணா பிரிச்சேன். நகமெல்லாம் போச்சு. இப்ப பாரு, சூப்பரா இருக்குல்ல?"

அடப்பாவி மனுஷா! இழுத்தால் ஒரு நொடியில் போகிற முடிச்சை, பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிரித்திருக்கிறார். விற்பது கிடக்கட்டும். மதுரையில் ஒருத்தி அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்திருப்பாளே, அவளுக்கு நான் எதைக் காட்டுவேன்? வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பக்கத்துக் கடை வளையல்காரர் எனக்குப் பயந்து தன் வளையல்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

திட்டிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. "மூணு சேலை சொன்னேனே, மூணாவது எங்க?"

தலையைச் சொறிந்தார். "அது ரொம்ப இறுக்கம்மா. அசையவே இல்ல. நீ கேலி பண்ணுவேன்னு கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன்."

"டாக்ஸி பிடிங்க! ஓடுங்க!"

அவர் போன பாதையைப் பார்த்தபடி நான் நின்றேன். சேலை பார்க்க வந்திருந்த ஓர் இளம் ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, ஐ வெயிட் லா. எனக்கும் பார்க்கணும். நல்லா இருந்தா நானே எடுத்துக்கிறேன்" என்றாள். அதற்குள் மதுரையிலிருந்து வீடியோ அழைப்பு வந்துவிட்டது. "இதோம்மா, இப்போம்மா" என்று கடையைக் காட்டினேன், வளையல்காரரைக் காட்டினேன், தெருவில் கட்டியிருந்த தீபாவளி விளக்கைக்கூடக் காட்டினேன். காட்ட வேறொன்றும் இல்லாமல் பேரனின் போட்டோவை எடுத்தபோது வியர்த்து வழிந்துகொண்டு அவர் வந்து சேர்ந்தார். ஒரு கையில் பாகற்காய் மாதிரி சுருங்கிய சேலை. இன்னொரு கையில் எதற்கோ ஒரு பிஸ்கட் டின்.

"அரக்குக் கலருல முக்கியிருக்காக!" என்று போனில் குரல் உயர்ந்தது.

வளையல்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கம் நானும், மறுபக்கம் அந்த ஆசிரியையும் பிடித்து இழுத்தோம். படபடவென்று நூல் தெறித்து என் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. சுருங்கிக் கிடந்த துணி விரிய விரிய, அரக்கில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் வெளியே வந்தன. போனில் அந்த மதுரைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைச் சுற்றியிருந்த பெண்கள் கை தட்டினார்கள். "நான் கட்டுனதுடீ! இது நான் கட்டுனது!" என்று அவர்களிடம் திரும்பிக் கத்தினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

சந்தோஷத்திலும் என் வாய் சும்மா இருக்குமா? "மூணையும் காட்டியிருப்பேன்மா. இந்த மனுஷன் ரெண்டை ஒவ்வொரு முடிச்சா பிரிச்சு அயர்ன் பண்ணிட்டாரு" என்று அவளிடமே புகார் சொன்னேன்.

அவர் அசடு வழிந்தபடி பிஸ்கட் டின்னைத் திறந்து போனுக்கு நேராக நீட்டினார். உள்ளே அத்தனை நூலும் சின்னச் சின்னக் கண்டாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. "குப்பையில போட மனசு வரல" என்றார்.

மதுரைப் பெண் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொண்ணாவா பிரிச்சாக?" என்றாள் மெதுவாக. "நானும் ஒவ்வொண்ணாத்தான்க்கா கட்டுனேன். எனக்கப்புறம் அத ஒவ்வொண்ணா தொட்டது மாமா மட்டும்தான்."

வீட்டுக்குப் போய்த் திட்டலாம் என்று மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே விழுங்கினேன். அவர் கையை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் உண்மையிலேயே பிய்ந்துதான் இருந்தது.